குறைமாதக் குழந்தையும் சளிக்காய்ச்சலும்: வாசகர் கேள்விகள்

30 வாரத்தில் பிறந்த பேரனுக்கு மூன்று மாதம் ஆகிறது. எடை 3 கிலோ வந்துவிட்டது. சாரல் தொடங்கிவிட்டதே, இனியும் பயப்பட வேண்டுமா? (செங்கோட்டை)

கவனம் இன்னும் தேவை, அம்மா. எடை ஏறிய வேகத்தில் நுரையீரல் முதிர்வதில்லை. தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாக வரும் எதிர்ப்புப் புரதங்களில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில்தான் குழந்தைக்குப் போய்ச் சேரும். உங்கள் பேரனுக்கு அதில் கொஞ்சம்தான் கிடைத்திருக்கும். 10 வாரம் முந்திப் பிறந்ததால் அவனுடைய திருத்திய வயது (பிறக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணும் வயது) இப்போது மூன்று வாரம்தான். பெரியவர்களுக்கு வெறும் மூக்கொழுகலாகப் போய்விடும் ஆர்.எஸ்.வி. வைரஸ், இவனுடைய குறுகலான மூச்சுக்குழல்களை வீங்கவைத்துச் சளியால் அடைத்துவிடும்.

டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். 28 நாளோ அதற்கு மேலோ ஆக்சிஜன் தேவைப்பட்டதா? எக்கோவில் (இதய ஸ்கேன்) இதயக் கோளாறு ஏதும் எழுதியிருக்கிறதா? இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். பள்ளிக்குப் போகும் அண்ணன், அக்கா இருக்கும் வீட்டில் கிருமி பெரும்பாலும் அவர்கள் மூலம்தான் நுழைகிறது. வந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவி, உடை மாற்றிய பிறகே பிள்ளையைத் தொடட்டும். சளி இருப்பவர்கள் பிள்ளை பார்க்க வரவே வேண்டாம். உறவுக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

குளிப்பாட்டியதும் சாம்பிராணி காட்டி, மூக்கில் ஒரு சொட்டு எண்ணெய் விடுவது எங்கள் வழக்கம். தொடரலாமா? (கம்பம்)

இரண்டையும் நிறுத்திவிடுங்கள். எந்தப் புகையும் மூச்சுக்குழலின் உள்தோலை அரிக்கும்; அரிப்பட்ட இடத்தில் கிருமி எளிதில் ஒட்டும். விறகடுப்பு, பீடி, கொசுவர்த்திக்கும் இதுவே பொருந்தும். வெளியே போய்ப் பீடி குடித்து வந்தாலும் சட்டையில் ஒட்டிய புகை பிள்ளையை அடையும். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரலாம். கற்பூரம் சேர்ந்த தைலமும் வேண்டாம், வலிப்பு வரக்கூடும். தலை துவட்டி, உலர்ந்த துணியில் சுற்றி, தாயின் மார்போடு சேர்த்து வைத்தாலே வேண்டிய சூடு கிடைக்கும். மூக்கடைப்புக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் 0.9 சதவீத உப்புநீர்ச் சொட்டு மருந்தைப் பால் கொடுக்கும் முன் ஒவ்வொரு மூக்கிலும் ஓரிரு சொட்டு விட்டால் போதும்.

மூச்சு வாங்குவதை வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது? (கோபாலபுரம், பொள்ளாச்சி)

பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்கினால் கணக்கு தப்பும், ஏனென்றால் குறைமாதப் பிள்ளையின் மூச்சு சீராக ஓடாது. இரண்டு மாதத்துக்கு உட்பட்டவர்களுக்கு 60-ம், அதற்கு மேல் ஒரு வயது வரை 50-ம் எல்லை. எண்ணிக்கை அதைத் தொட்டால் மறுபடி எண்ணுங்கள். அப்போதும் குறையாவிட்டால் உடனே கிளம்புங்கள்.

ஐந்து, பத்து விநாடி மூச்சு நின்று மீண்டும் ஓடுவது இவர்களுக்கு இயல்பு. 20 விநாடி நின்றாலோ, நிற்கும்போது உதடு நீலம் பாய்ந்தாலோ 108-ஐ அழையுங்கள். இருமலோ காய்ச்சலோ இல்லாமல், இப்படி மூச்சு நிற்பதே ஆர்.எஸ்.வி.யின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். விலா எலும்புக்குக் கீழே குழி விழுவது, முனகல், பால் குடிக்காமல் துவளுவது, உடல் சூடு 38 டிகிரி செல்சியஸுக்கு ஏறுவது, 35.5-க்குக் கீழே இறங்குவது எல்லாமே அவசரம்தான்.

திருவனந்தபுரத்தில் பிறந்தான், இப்போது இங்கே இருக்கிறோம். தடுப்பூசியைத் திருத்திய வயதுப்படி தள்ளிப் போடலாமா? (களியக்காவிளை)

தள்ள வேண்டாம். பிறந்த தேதிப்படி 6, 10, 14 வாரத்தில் பென்டாவேலன்ட் (ஐந்து நோய்க்கு ஒரே ஊசி). 6, 14 வாரத்திலும் 9 மாதத்திலும் நிமோனியாவுக்கான பி.சி.வி. இந்த ஊசிகளுக்கு அரசு அட்டவணை நாடு முழுவதும் ஒன்றே என்பதால், அட்டையோடு உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே போகலாம். ஃப்ளூ ஊசி ஆறு மாதத்துக்குப் பிறகு, நான்கு வார இடைவெளியில் இரண்டு. அதுவரை வீட்டுப் பெரியவர்கள் போட்டுக்கொள்ளட்டும். ஆர்.எஸ்.வி.க்கு எதிர்ப்புப் புரத ஊசிகள் உண்டு. பாலிவிசுமாப் மாதம் ஒருமுறை, நிர்செவிமாப் ஒரே முறை. உங்கள் பிள்ளைக்கு இது தேவையா என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

எனக்கே சளி. தாய்ப்பால் கொடுக்கலாமா? (வாளையார்)

கொடுக்கத்தான் வேண்டும். உங்கள் உடல் அந்தக் கிருமிக்கு எதிராக உருவாக்கும் புரதம் பாலில் வருகிறது. முகக்கவசம் அணிந்து, கை கழுவிவிட்டுக் கொடுங்கள். உறிஞ்சும்போது பிள்ளை களைத்துப்போனால் பீய்ச்சிய பாலைப் பாலாடையில், தலையைச் சற்று உயர்த்திப் பிடித்து, சிறிது சிறிதாகப் புகட்டுங்கள்.