உலக இட்லி தினம், டோனட் தினம் என்றெல்லாம் வருகிறதே, இவற்றை யார் அறிவிக்கிறார்கள்?

ஒரு பண்டத்தைக் கொண்டாட ஆர்வலர்களோ வியாபாரிகளோ குறித்துக்கொண்ட நாள்தான் உணவு தினம். பெரும்பாலும் அரசாணை எதுவும் இருக்காது.

மார்ச் 30 உலக இட்லி தினம். நம் சென்னையில் பிறந்ததுதான். இங்கே இட்லிக் கடை நடத்திய இனியவன் 2015-இல் தொடங்கி வைத்தார். டோனட் தினத்துக்குக் கொஞ்சம் கனமான பின்னணி உண்டு. முதல் உலகப் போரில் வீரர்களுக்கு டோனட் சுட்டுக் கொடுத்த பெண்களை நினைவுகூர, சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு 1938-இல் சிகாகோவில் அதை ஆரம்பித்தது.

இவை ஏன் நிலைக்கின்றன? கடைக்கு விற்பனை, நமக்குச் சாப்பிட ஒரு சாக்கு. தி.நகரின் ஆடித் தள்ளுபடி மாதிரிதான்: யாரும் உத்தரவு போடவில்லை, ஆனால் ஊரே பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறது.

கொண்டாட செலவே வேண்டாம். அடுக்குமாடிக் குடியிருப்பில் வீட்டுக்கு ஒரு வகை: ஒருவர் காஞ்சிபுரம் இட்லி, ஒருவர் ரவா இட்லி, சோம்பேறிகள் (என்னைப் போல) நேற்றைய இட்லியை உதிர்த்து உப்புமா. சாம்பாரா சட்னியா என்று வாக்கெடுப்பு வைக்கலாம். சண்டைக்கு நான் பொறுப்பில்லை. மிளகாய்ப்பொடிக் கட்சிக்காரர்களையும் மறந்துவிடாதீர்கள்.

எல்லாமே ஐ.நா. அறிவித்தவை என்று பலர் நினைக்கிறார்கள். மே 21 சர்வதேசத் தேநீர் தினம் போன்ற சில மட்டுமே அப்படி, அதற்கும் ஆபீஸில் லீவு கிடையாது.