நாலு மணிக்கு வண்டியை நிறுத்துங்கள்

(கோடை விடுமுறையில் கூடாரத்தோடு மலைக்கும் கடற்கரைக்கும் குடும்பமாகப் போவது பற்றி வடசென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, 31 வருடம் சுற்றுலா வேன் ஓட்டி ஓய்வு பெற்ற ராயபுரத்துக்காரர் பதில் சொல்கிறார்.)

மே மாதம் ஒரு வாரம். பெரியவர்கள், குழந்தைகள் சேர்த்து எட்டுப் பேர். ஊட்டி, கொடைக்கானல், ராமேஸ்வரம், கன்னியாகுமரி என்று மகன் எழுதி வைத்திருக்கிறான். முடியுமா? – வாசகி, கொருக்குப்பேட்டை

முடியும். ஆனால் திரும்பி வந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டீர்கள். உங்கள் மகன் போட்டிருப்பது லாரிக்காரன் கணக்கு அம்மா. மேலும் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் எடுக்க வேண்டும். எடுத்துப் போனாலும் மே மாதம் அங்கே மலையைப் பார்ப்பதை விட முன்னால் நிற்கும் வண்டியின் நம்பர் பிளேட்டைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

நான் போடும் ரூட்டைக் கேளுங்கள். விடியற்காலை நாலரைக்குக் கிளம்பி ஏலகிரி. சுமார் 230 கிலோமீட்டர், 14 கொண்டை ஊசி வளைவு. மலை பழகாத பிள்ளைகளுக்கு அது ஒத்திகை. மறுநாள் சேலம், நாமக்கல் வழியாகக் கொல்லிமலை. அங்கே 70 வளைவு. இரண்டு ராத்திரி தங்குங்கள். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரம் படிக்கு மேல் இறங்கணும்; இறங்கினதை ஏறணும் என்பதை மாமியாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்புறம் தஞ்சாவூரில் ஒரு ராத்திரி லாட்ஜ். கூடாரப் பயணத்தில் லாட்ஜா என்று மகன் கேட்பான். நாலு நாள் அழுக்குத் துணியை அவனிடம் கொடுத்துவிட்டு பதில் சொல்லுங்கள். அங்கிருந்து தரங்கம்பாடி. 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. பிறகு கடலை விடாமல் பிச்சாவரம், கடலூர், புதுச்சேரி, வீடு.

எந்த ஊராக இருந்தாலும் சாயங்காலம் நாலு மணிக்கு வண்டி நிற்கணும். புதுக் கூடாரத்தை முதல் தடவை கட்ட ஒரு மணி நேரம் ஆகும், அதில் கால் மணி நேரம் புருஷன் பெண்சாதி சண்டை. ஏழு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். இருட்டில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு முளை அடித்த எந்தக் குடும்பமும் அன்று ராத்திரி சிரித்து நான் பார்த்ததில்லை.

கொல்லிமலையில் கூடாரத்தைக் காட்டுக்குள் போடக்கூடாது. அனுமதியில்லாமல் காப்புக்காட்டில் ராத்தங்குவது குற்றம். தோட்டக்காரர்கள், விடுதிக்காரர்கள் தங்கள் இடத்தில் போட விடுவார்கள். போன் பண்ணிக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

தெரிந்தவர் வேன் இருக்கிறது, வெள்ளை போர்டு, சொந்த உபயோக வண்டி. டீசல் போட்டு, நாளுக்கு இரண்டாயிரம் கொடுத்தால் போதும் என்கிறார். எடுக்கலாமா? – வாசகர், வியாசர்பாடி

வேண்டாம் தம்பி. காசு வாங்கினால் அது வாடகை வண்டி. ஒன்று ஆகிவிட்டால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் அதைத்தான் கிளறுவார். வாடகைக்கு ஓட்டப் பர்மிட் உள்ள மஞ்சள் போர்டு வண்டி எடுங்கள். இன்னொன்று, டிரைவருக்கு எல்லோரும் வயிறு நிறையச் சாப்பாடு போடுகிறீர்கள். படுக்கத்தான் இடம் தருவதில்லை. நான் பாதி தமிழ்நாட்டை ஸ்டியரிங்கில் தலை வைத்தே தூங்கியிருக்கிறேன். அவருக்கும் ஒரு பாய், ஒரு போர்வை.

புது கார். சென்னையை விட்டு வெளியே ஓட்டியதில்லை. மலை இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் எண்ணெய் மிச்சமாகும் என்கிறார்களே? – வாசகர், தண்டையார்பேட்டை

எண்ணெயும் மிச்சமாகாது, நீங்களும் மிச்சமாக மாட்டீர்கள்.

நம் பக்கத்தில் மலை ஓட்டிப் பழக வழியே இல்லை. காசிமேட்டுக்குப் பெயரில்தான் மேடு. பேசின் பிரிட்ஜ் பாலம்தான் நமக்கு இமயமலை. அதனால் முதல் தடவை ஏற்காடு ஏற்றத்தில் நானும் நடுங்கினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூத்த டிரைவர் ஒன்றே ஒன்று சொன்னார்: "எந்த கியர்ல ஏறினியோ அந்த கியர்ல இறங்கு." இரண்டாவது கியரில் இறங்கினால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால் மொத்த பாரமும் பிரேக்கில் உட்காரும். பிரேக் சூடேறினால் கருகிய வாடை வரும், பெடல் அழுத்த அழுத்த வண்டி நிற்காமல் போகும். வாடை வந்ததுமே அகலமான இடமாகப் பார்த்து ஓரம் கட்டி அரை மணி நேரம் டீ குடியுங்கள். சூட்டோடு சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், இரும்பு விரிசல் விடும். இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குவது அதைவிட மோசம். ஸ்டியரிங் கல்லாகிவிடும், பிரேக் பெடலும் அழுத்த முடியாமல் இறுகிவிடும்.

குறுகலான இடத்தில் எதிரே வண்டி வந்தால் இறங்குகிறவர்தான் நின்று வழிவிட வேண்டும். இது மரியாதை மட்டுமில்லை, சட்டமும் அதுதான். வளைவில் ஹாரன் அடியுங்கள். நம் தெருவில் அடிக்கிற ஹாரனையெல்லாம் மிச்சம் பிடித்து அங்கே அடிக்கலாம்.

கடற்கரை மணலில் கூடாரம் நிற்குமா? – வாசகர், திருவொற்றியூர்

என் கூடாரம் நிற்கவில்லை. கடலூருக்குத் தெற்கே ஒரு குப்பத்துக் கரை, மே மாதம். சாயங்காலம் கடல்காற்று முகத்தில் அறைந்தது. புத்திசாலித்தனமாக வாசலைக் கரைப்பக்கம் திருப்பிக் கட்டினேன். கூடவே வந்த கம்பி முளையை மணலில் குத்தினேன். ராத்திரி ஒரு மணி சுமாருக்குக் காற்று திரும்பிவிட்டது. பகலில் கடலிலிருந்து கரைக்கு அடிப்பது, நிலம் ஆறினதும் கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். திறந்த வாசல் வழியாக உள்ளே புகுந்து கட்டுமரப் பாய் மாதிரி உப்ப வைத்தது. பிள்ளைகளும் நானும் வெளியே உருண்டோம், கூடாரம் தண்ணீரை நோக்கி ஓடியது. "கட்டுமரக்காரன் பேரனாம்!" என்று என் மனைவி சொன்னதை இன்றைக்கும் வீட்டில் விருந்தாளி வந்தால் சொல்கிறார்.

மணலில் கம்பி பிடிக்காது. காலி அரிசிச் சாக்கில் மணலை நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, முழங்கால் ஆழத்தில் புதையுங்கள். வாசலைக் காற்றுக்குக் குறுக்கே, கரையோட்டமாக வையுங்கள். பாசியும் குச்சியும் ஒதுங்கிய கோடு தெரியும், அலை அதுவரை வந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்கு நன்றாக மேலே கட்டுங்கள். அமாவாசை, பௌர்ணமி என்றால் இன்னும் மேலே. ஆமைகள் ஜனவரியிலிருந்து முட்டையிட வரும், பொரித்த குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நகரும். கரையில் பெரிய விளக்கு போடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், அந்தக் குப்பத்துப் பெரியவர்களைக் கேளுங்கள். காசிமேட்டில் நாலு பேரை விசாரித்தால் ஒருவருக்காவது கடலூரிலோ நாகையிலோ மாமன் மச்சான் இருப்பார்.

வீட்டு சிலிண்டரையே ஏற்றிக்கொண்டு போகலாமா? மாமியார் மீன் இல்லாமல் சாப்பிட மாட்டார். – வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

சிலிண்டரை மனுஷர்களோடு ஏற்றவே கூடாது. 2023 ஆகஸ்டில் மதுரையில் நின்ற சுற்றுலா ரயில் பெட்டியில் ஒளித்து எடுத்து வந்த சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் செத்தார்கள். சின்ன கேன் அடுப்பு போதும். அதையும் வெயிலில் மூடிக் கிடக்கும் வண்டியில் விடாதீர்கள், கூடாரத்துக்குள் பற்றவைக்காதீர்கள். குக்கர் கட்டாயம். கொல்லிமலை உயரத்தில் தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பானையில் சோறு வேக நேரமாகும்.

மீனுக்கு வருகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகாது. ஃபைபர் படகுக்காரர்கள் கொண்டுவருவதுதான், அதுவும் காலையில் கரையில் நின்றால் கிடைக்கும். மலையில் மாமியாருக்கு நெத்திலிக் கருவாடு, இறுக்கி மூடிய எவர்சில்வர் டப்பாவில். கொல்லிமலைக் குரங்குக்கு உங்கள் டப்பாவைத் திறக்கத் தெரியும் என்று நினைத்தே மூடுங்கள்.

வழியில் பெண்களுக்குக் கழிப்பறை? – வாசகி, எண்ணூர்

பெட்ரோல் பங்க். தேவையிருக்கிறதோ இல்லையோ, மலை ஏறும் முன் அடிவாரத்தில் எல்லோரும் இறங்கிப் போய் வரணும். "எனக்கு வரலை" என்று சொல்பவர் ஏழாவது வளைவில் கேட்பார்.

கூடாரத்துக்குள் பாம்பு வருமா அங்கிள்? – ஏழாம் வகுப்பு மாணவன், புது வண்ணாரப்பேட்டை

ஜிப் திறந்திருந்தால் வரலாம். மூடியிருந்தால் வெளியோடு போய்விடும். உள்ளே பிஸ்கட் சிந்தாதே. எலி வரும், எலியைத் தேடி அது வரும். காலையில் ஷூவை உதறிவிட்டுப் போடு. யாரையாவது கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது, நேராக ஆஸ்பத்திரி. ராத்திரி ஒன்றுக்கு வந்தால் தனியாகப் போகாதே, டார்ச்சை எடுத்துக்கொண்டு அப்பாவை எழுப்பு. திட்டினால் ராயபுரத்து அங்கிள்தான் சொன்னார் என்று சொல்.