கடல் பார்க்காத பிள்ளைகளுக்குக் கடற்கரைப் பாடம்

வாசகர் கேள்வி – பதில்

ஆறுகள் உருவாக்கும் நிலத்தோற்றங்களைப் பள்ளியில் கற்பிப்பது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்த சேலம் மாவட்ட வாசகர்கள் பலர், "ஆறு கண்ணெதிரே ஓடுகிறது, கடலுக்கு எங்கே போவது?" என்று கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்வி. இந்த மாவட்டத்துப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகள் புவியியல் கற்பித்தவன் என்ற முறையில் அந்தக் கடிதங்களுள் சிலவற்றுக்கு இங்கே விடை எழுதுகிறேன்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் கடலை நேரில் பார்த்ததில்லை. கடல் ஓங்கல் (செங்குத்தான கரைப்பாறை), கடல் குகை, கடல் வளைவு, கடல் தூண், காயல் என்று வரிசையாக ஒப்பிக்கிறார்கள்; தேர்வு முடிந்ததும் எல்லாம் மறந்துவிடுகிறது. எங்கிருந்து தொடங்குவது? – ஓர் ஆசிரியை, ஓமலூர்

பதில்: உங்கள் ஊர் வழியே ஓடும் சரபங்காவிலிருந்து தொடங்குங்கள். சேர்வராயன் மலையில் பிறக்கும் அந்த ஆறு காவிரியில் கலக்கிறது. காவிரி கடலில் கலக்கிறது. ஆற்றில் ஒரு கைப்பிடி மணலை அள்ளி, கழுவி, உலர்த்தி, வகுப்பில் ஆளுக்குச் சிறிது கொடுத்து, கைக்கண்ணாடியால் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடித் துண்டுபோல் மங்கலாக மின்னுபவை குவார்ட்ஸ் துகள்கள். மலைப்பாறை வெயிலிலும் மழையிலும் சிதையும்போது மற்றத் தாதுக்களில் பெரும்பகுதி களிமண்ணாக மாறிவிட, எளிதில் அழியாத குவார்ட்ஸ் மட்டும் மணலாக மிஞ்சி உருண்டு போகிறது. நம் கடற்கரையில் கிடக்கும் மணலில் பெரும்பங்கு இப்படி ஆறுகள் கொண்டுபோய்ச் சேர்த்ததுதான். கடல் தொலைவில் இருந்தாலும் கடற்கரைக்குரிய சரக்கு நம் மலையிலிருந்து புறப்படுகிறது என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டால், அந்தப் பாடம் அவர்களுக்கு அந்நியமாக இராது.

அடுத்து, பெயர்களை ஒதுக்கிவைத்துவிட்டு மூன்று கேள்விகளைக் கரும்பலகையில் எழுதுங்கள்: மணல் எங்கிருந்து வருகிறது? எது அதை நகர்த்துகிறது? எங்கே போய்த் தங்குகிறது? பாடத்தில் உள்ள ஒவ்வொரு நிலத்தோற்றமும் இம்மூன்றில் ஏதோ ஒன்றுக்கு விடையாக அமைவதை அவர்களே கண்டுகொள்வார்கள். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறைமுனையில் அலைகள் வளைந்து வந்து இருபுறமும் மோதுகின்றன. பாறையின் பலவீனமான விரிசல் குகையாகிறது. குகை மறுபக்கம் வரை துளைபட்டால் வளைவாகிறது. வளைவின் கூரை இடிந்து விழுந்தால் கடலுக்குள் தனித்து நிற்பது தூணாகிறது. நான்கு பெயர்களாகப் படித்தது ஒரே பாறைமுனையின் நான்கு பருவங்கள் என்று சொல்லிப் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலக் கரையில் ‘பன்னிரு அப்போஸ்தலர்’ என்று அழைக்கப்படும் சுண்ணாம்புப்பாறைத் தூண்களில் ஒன்று 2005ஆம் ஆண்டு இடிந்து கடலில் விழுந்தது. மால்டா தீவு நாட்டின் புகழ்பெற்ற கடல் வளைவு ஒன்று 2017 மார்ச் மாதம் ஒரு புயலில் மறைந்தே போனது. நூல்களில் உள்ள படங்கள் பெரும்பாலும் இத்தகைய வெளிநாட்டுப் பாறைக்கரைகளைக் காட்டுவதால், எல்லாக் கடற்கரையும் அப்படித்தான் இருக்கும் என்று பிள்ளைகள் எண்ணிவிடக்கூடும். ஏறத்தாழ 1,076 கிலோமீட்டர் நீளமுள்ள தமிழ்நாட்டுக் கரை பெரும்பாலும் தாழ்ந்த மணற்கரை என்பதையும், ஓங்கலும் பாறையும் பார்க்கக் குமரி மாவட்டத்து முட்டம் போன்ற சில இடங்களுக்கோ கேரளத்து வர்க்கலாவுக்கோ போகவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இயற்கையான வளைவைப் பார்க்க அந்தமானின் நீல் தீவு இருக்கிறது.

இன்னொன்று. தமிழாசிரியரைத் துணைக்கு அழையுங்கள். நெய்தல் திணையில் வரும் ‘எக்கர்’ என்ற சொல் அலை கொண்டுவந்து குவித்த மணல்மேட்டைக் குறிக்கிறது. ‘கழி’ என்பது கடல்நீர் உட்புகுந்து நிற்கும் இடம். ‘கானல்’ கரையோரச் சோலை. புவியியல் வகுப்பும் தமிழ் வகுப்பும் ஒரே வாரத்தில் இச்சொற்களைத் தொட்டுப் பேசினால், அவை மனப்பாடமில்லாமலே மனத்தில் தங்கும்.

கேள்வி: ‘கரையோர நீரோட்டம் மணலைக் கடத்துகிறது’ என்று பாடத்தில் ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். இதை வகுப்பறையில் செய்துகாட்ட வழி உண்டா? – ஓர் ஆசிரியர், வாழப்பாடி

பதில்: உண்டு. கடற்கரைப் பாடத்தில் வேறு எதற்கு நேரமில்லாமல் போனாலும் இதற்கு ஒரு வகுப்பை ஒதுக்கிவிடுங்கள் என்றே கேட்டுக்கொள்வேன்.

நான் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு தகரப் பட்டறையில் சொல்லி, மூன்றடி நீளம், இரண்டடி அகலம், நான்கு அங்குல உயரத்தில் ஒரு தட்டுச் செய்துவைத்திருந்தேன். நீளப் பக்கம் ஒன்றில் மணலைச் சரிவாக அணைத்துவைத்து, எதிர்ப்பக்கத்தில் இரண்டு அங்குல உயரத்துக்கு நீர் நிரப்பவேண்டும். மணல் சலித்த ஆற்றுமணலாக இருப்பது நல்லது. இப்போது எளிதில் கிடைக்கும் எம்-சாண்டில் மாவு மிகுதியாக இருப்பதால் நீர் கலங்கிப் போய் ஒன்றும் தெரியாது. ஒரு கைப்பிடி மணலைச் சிவப்புப் பெயின்ட்டில் பிரட்டி இரண்டு நாள் உலரவைத்துக்கொள்ளுங்கள். கலர் கோலப்பொடியைப் பயன்படுத்திப் பார்த்தேன், அதன் சாயம் தண்ணீரில் கரைந்துவிடுகிறது.

முதலில் ஒரு மரப்பலகையால் கரைக்கு நேராக, வினாடிக்கு ஒரு முறை, மெதுவாக நீரைத் தள்ளுங்கள். நீர் ஏறி இறங்கும். சிவப்பு மணல் ஏறத்தாழ இருந்த இடத்திலேயே கிடக்கும். அடுத்து, எதிர்மூலையில் நின்றுகொண்டு சாய்வாகத் தள்ளுங்கள். நீர் சாய்வாக ஏறும். இறங்கும்போதோ சரிவின் போக்கில் நேராகக் கீழே வரும். ஒவ்வொரு முறையும் சிவப்புத் துகள்கள் சாய்வாக ஏறி, நேராக இறங்கி, மறுபடி சாய்வாக ஏறி, மரம் அறுக்கும் வாளின் பற்களைப் போன்ற வழியில் கரை நெடுக நகர்ந்து போவதைப் பிள்ளைகள் தட்டைச் சுற்றிக் குனிந்து நின்று பார்ப்பார்கள். ஐந்து நிமிடங்களில் அந்தச் சிவப்பு ஒரு சாண் தூரம் போயிருக்கும்.

இப்போது அரைச் செங்கல் ஒன்றைக் கரையிலிருந்து நீருக்குள் நீட்டி வைத்துவிட்டு, அதே சாய்வில் தொடர்ந்து தள்ளுங்கள். செங்கல்லின் ஒரு பக்கத்தில் மணல் வந்து சேர்ந்துகொண்டே இருக்க, மறுபக்கத்தில் கரை குழிந்து உள்வாங்கும். "சார், இந்தப் பக்கம் கரை கரையுது!" என்று யாரேனும் ஒரு பிள்ளை கூவும் நேரத்தில் சென்னையின் வரைபடத்தைச் சுவரில் மாட்டுங்கள். அந்தச் செங்கல்தான் சென்னைத் துறைமுகம். நம் கிழக்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மணல் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கு நோக்கியும் நகர்கிறது; ஆண்டுக் கணக்கைக் கூட்டிக் கழித்தால் வடக்கு நோக்கிய நகர்வே மிஞ்சுகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகத்தின் தடுப்புச் சுவர்கள் எழுந்தபின், தெற்கிலிருந்து வந்த மணல் அங்கே தடைபட்டுத் தேங்கியதால்தான் மெரினா இன்றுள்ள அகலத்தை எட்டியது. முன்பு புனித ஜார்ஜ் கோட்டைக்கு வெகு அருகிலேயே அலையடித்தது. வடக்கே இராயபுரம், காசிமேடு பக்கத்துக் கரைகள் வரவேண்டிய மணல் வராமல் அரிக்கப்பட்டு, இப்போது கற்களைக் கொட்டிக் காக்கப்படுகின்றன. விடுமுறையில் மெரினாவைப் பார்த்துவந்த பிள்ளைக்கு அந்த மணற்பரப்பின் மறுபாதிக் கதை இராயபுரத்தில் இருக்கிறது என்று தெரியவேண்டும்; அங்கே வீடிழந்த மீனவக் குடும்பங்களும் அந்தப் பாடத்தில் உள்ளவர்கள்தான்.

புதுச்சேரியிலும் இதுவே நடந்தது. 1980களின் இறுதியில் துறைமுகத் தடுப்புச் சுவர்கள் வந்தபின் நகரத்துக் கடற்கரையில் மணல் போய்க் கருங்கல் வந்தது. பின்னர், 2018ஆம் ஆண்டளவில் கடலுக்கடியில் ஒரு செயற்கைத் திட்டு அமைக்கப்பட்டபின் அங்கே ஒரு பகுதியில் மணல் திரும்பியிருக்கிறது. அதையும் உங்கள் தட்டில் ஒரு சிறு கல்லை மூழ்கவைத்துச் செய்து பார்க்கலாம்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பாறைகள் பல உருண்டையாக இருக்கின்றன. சேலத்தில் ‘சாக் ஹில்ஸ்’ என்று ஓர் இடமும் இருக்கிறது. சாக் என்பது கடலில் உண்டாகும் சுண்ணாம்புப் பாறை என்று படித்தேன். அப்படியானால் சேர்வராயன் மலை ஒரு காலத்தில் கடலுக்கடியில் இருந்ததா? – பதினோராம் வகுப்பு மாணவர், ஏற்காடு

பதில்: தம்பி, கேள்வியை வெகு நன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் இரண்டு தடயங்களுமே கடலைக் காட்டவில்லை. உங்கள் மலையின் பாறை சார்னோக்கைட். பூமியின் மேலோட்டுக்கு வெகு ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும், ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவானது. பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் உள்ளதும் இந்த இனத்துப் பாறையே. கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறையில் இக்கல் பதிக்கப்பட்டிருந்ததால் அவர் பெயரே பாறைக்கு வந்தது. இதன் வெடிப்புகளில் மழைநீர் இறங்கும்போது மூலைகள் மூன்று பக்கமும் தாக்கப்பட்டு முதலில் சிதைகின்றன. மிஞ்சும் பாறை வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்காக உரிந்து உருண்டையாகிறது. அடுத்த முறை சாலையோரம் புதிதாக வெட்டிய சரிவில் பாருங்கள், நடுவில் கெட்டியான உருண்டையும் சுற்றிலும் கையால் உதிர்க்கக்கூடிய தோல்களும் இருக்கும்.

சாக் ஹில்ஸ் என்பது வெள்ளை நிறத்தைப் பார்த்து ஆங்கிலேயர் இட்ட பெயர். அங்கே இருப்பது நம்மூரில் வெள்ளைக்கல் என்று சொல்லப்படும் மேக்னசைட். ஆழத்திலிருந்து வந்த கரும்பாறை வேதிமாற்றம் அடைந்ததால் உண்டான தாது அது. கடலுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

உண்மையிலேயே கடல் வந்துபோன இடத்தைப் பார்க்க வேண்டுமானால் பெரம்பலூர் மாவட்டத்துக் காரைப் பகுதிக்கும் அரியலூருக்கும் போகவேண்டும். ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. நத்தைபோல் சுருண்ட அம்மோனைட் புதைபடிவங்கள் அந்த மண்ணில் கிடைக்கின்றன. பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

கேள்வி: கழிமுகம், காயல் – இரண்டுக்கும் என்ன வேறுபாடு? – ஒரு வாசகி, தம்மம்பட்டி

பதில்: ஆற்றின் வாயில் ஆற்றுநீரும் கடல்நீரும் கலந்து, ஓதத்தோடு (கடல்நீர் மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கத்தோடு) ஏறி இறங்கும் இடம் கழிமுகம், பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றின் முகத்துவாரம் அப்படிப்பட்டது. மணல்திட்டு ஒன்று குறுக்கே வளர்ந்து கடலிலிருந்து பெரும்பாலும் பிரித்துவிட்ட நீர்ப்பரப்பு காயல். ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் பின்னே கிடக்கும் பழவேற்காடு ஏரி அதற்கு நல்ல சான்று. குமரி மாவட்டத்தில் ‘பொழிமுகம்’ என்பார்கள். கோடையில் மணல் அடைத்துக்கொள்ளும், மழையில் வெள்ளம் உடைத்துக்கொண்டு போகும்; ஒரே இடம் இரண்டாகவும் இருப்பதை அங்கே காணலாம்.

கேள்வி: மேட்டூர் அணைக்கும் கடற்கரைக்கும் தொடர்பு உண்டா? – ஒரு பெற்றோர், கொளத்தூர்

பதில்: இரண்டு வகையில் உண்டு. 1934ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட அந்த அணை நீரை மட்டுமின்றி வண்டலையும் மணலையும் தேக்கிவைக்கிறது. கழிமுகம் வரை போய்ச் சேரவேண்டிய மணல் குறைந்தால் கரை அதை ஈடுசெய்ய முடியாமல் பின்வாங்கும். காவிரிக் கரையோரம் முழுவதும் அணையால்தான் அரிக்கப்படுகிறது என்று சொல்லிவிட முடியாது. ஆற்றில் மணல் அள்ளுவதும் கரையோரக் கட்டுமானங்களும் சேர்ந்தே அதற்குக் காரணம்.

இரண்டாவது தொடர்பு உங்கள் பிள்ளைக்கு உடனே பயன்படும். அணையின் நீர்மட்டம் வெகுவாகக் குறைந்து பண்ணவாடியில் பழைய நந்தி சிலை தலைகாட்டும் நாட்களில், நீர் விட்டுச்சென்ற மண்சரிவைக் கவனியுங்கள். நீர் சில நாட்கள் ஒரே மட்டத்தில் நின்றபோதெல்லாம் சிற்றலைகள் அரித்த தடம் சின்னப் படிக்கட்டுகள்போல் வரிவரியாகத் தெரியும். ஓங்கலின் அடியில் கடலலை வெட்டும் அலை அரிமேடை உருவாவதைப் புரிந்துகொள்ள இது நல்ல தொடக்கம். கடலில் அது பாறையில் நடக்கிறது, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கிறது.

கேள்வி: மாணவர்களை ஒரே நாளில் கடற்கரைக்கு அழைத்துச் சென்று திரும்ப வேண்டும். எந்த இடம்? என்ன பார்ப்பது? – ஒரு தலைமையாசிரியர், ஆத்தூர்

பதில்: ஆத்தூருக்குப் பரங்கிப்பேட்டையைவிடப் பொருத்தமான இடம் இல்லை. உங்கள் ஊர் வசிஷ்ட நதி வெள்ளாற்றில் கலந்து, அந்த வெள்ளாறு கடலில் சேரும் இடம் அதுதான். புறப்படும் முன் வசிஷ்ட நதிப் படுகையில், அது வறண்டிருந்தாலும், ஒரு தீப்பெட்டி அளவு மணல் எடுத்துக்கொள்ளுங்கள். முகத்துவாரத்தில் அலை தொடும் இடத்திலிருந்து ஒரு பெட்டியும், உள்ளே தள்ளியிருக்கும் மணல்மேட்டின் உச்சியிலிருந்து ஒரு பெட்டியும் எடுங்கள். மூன்றையும் வெள்ளைத்தாளில் பக்கத்தில் பக்கத்தில் கொட்டிப் பார்த்தால், ஆற்றுமணலில் பெரிதும் சிறிதும் கலந்து மூலைகள் கூராக இருப்பதும், கடலோர மணல் மழுங்கி ஒரே அளவாகச் சலித்தெடுத்ததுபோல் இருப்பதும், காற்று குவித்த மேட்டுமணல் அதனினும் நுண்மையாக இருப்பதும் தெரியும். நேரமிருந்தால் தெற்கே பிச்சாவரத்துச் சதுப்புநிலக் காட்டையும் பார்த்துவிடலாம். வேர்கள் வண்டலைப் பிடித்துவைப்பதைப் படகிலிருந்தே காட்டலாம். பிள்ளைகள் எவரையும் கடலில் இறங்கவிடாதீர்கள். முகத்துவாரத்தில் நீரோட்டம் மேலே அமைதியாகத் தெரிந்தாலும் காலை இழுத்துவிடும். இதைப் பேருந்திலேயே சொல்லி, எந்தக் கோடு வரை போகலாம் என்று கரையில் கயிறு கட்டிவிடுங்கள்.

ஒரு காந்தத்தையும் மறவாமல் கொண்டுபோங்கள். அலை வற்றிய கரையில் கறுப்புக் கோடாகத் தெரியும் கனமான மணலின் மேல் அதைக் கொண்டுபோனால் காந்தக்கல் துகள்கள் தாவி ஒட்டும். அந்தத் துகள் எந்த மலையிலிருந்து வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சேலத்துக் கஞ்சமலையின் இரும்புத்தாதும் இதே காந்தக்கல்தான் என்று சொன்னதும், காந்தத்தைக் கையில் வைத்திருக்கும் பிள்ளை அடுத்தவனிடம் தரமாட்டேன் என்பான். காந்தத்தை நேரடியாக மணலில் வைக்காமல் ஒரு பாலித்தீன் உறைக்குள் போட்டு வையுங்கள். உறையை உருவினால் துகள்கள் தாமாகவே தாளில் உதிர்ந்துவிடும், காந்தத்தில் ஒட்டினால் சுரண்டி எடுப்பது பெரும்பாடு.