பழைய ஸ்கூபா கம்ப்ரஸரும் அதன் ஃபில்டரும்: கேள்வி பதில்

(பேச்சு முழுக்க, ஸ்கூபா டைவர்களின் சிலிண்டரில் சுவாசக் காற்றை நிரப்பும் பாவர் (Bauer) ஜூனியர் 2 வகை மெஷினைப் பற்றியது: காற்றைப் படிப்படியாக அழுத்தும் 3 ஸ்டேஜ், காற்றுக் குளிர்ச்சி, நிமிடத்துக்கு 100 லிட்டர். பார் என்பது அழுத்தத்தின் அளவு.)

கே: விற்பவர் 200 பார் வரை ஏற்றிக் காட்டினார். அது போதாதா அண்ணா?

போதாது. தேய்ந்த மெஷினும் 200 பாரைத் தொடும், நேரம்தான் அதிகமாகும். கைக்கடிகாரத்தோடு போங்கள். 12 லிட்டர் சிலிண்டரை 50 பாரிலிருந்து 200-க்கு ஏற்ற 1800 லிட்டர் காற்று வேண்டும், அதற்கு 18 நிமிடம். 20 ஆனால் பரவாயில்லை. 25-ஐத் தாண்டினால் ரிங், வால்வு, ஜாயிண்ட் கசிவு என ஏதோ ஒன்று இருக்கிறது. எல்லா ஜாயிண்டிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள்.

அடுத்து ஃபில்டர் கூண்டு, அதாவது காற்றைச் சுத்தம் செய்யும் கார்ட்ரிட்ஜ் உட்காரும் அலுமினியக் குழாய். பிரஷரை முழுதும் இறக்கிவிட்டுக் கழற்றி, மரை ஓரத்தில் அலுமினியம் வெள்ளையாகப் பூத்துக் குழி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். குழி இருந்தால் தேய்த்துச் சரிசெய்யும் வேலையே வேண்டாம், புதுக் கூண்டுதான். பார்வைக்குச் சுத்தமாக இருந்தாலும் அந்தக் கூண்டுக்கு ஏற்றி இறக்கும் சுழற்சிகளில் ஓர் ஆயுள் உண்டு. ஓடிய மணிக்கணக்குப் புத்தகம் இல்லையென்றால், புதுக் கூண்டின் விலையைக் கழித்துத்தான் பேரம் பேசுங்கள்.

கே: முதல் ஸ்டேஜ் சேஃப்டி வால்வு அடிக்கடி ஊதுகிறது. வால்வை மாற்றிவிடவா?

முதலில் இரண்டாவது ஸ்டேஜ் ஹெட்டைத் திறங்கள். அங்கே உள்ளிழுக்கும் வால்வு கசிந்தால், காற்று திரும்பி வந்து முதல் ஸ்டேஜுக்குப் பின்னால் தேங்கும். சேஃப்டி வால்வு தன் வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான். எந்த ஸ்டேஜ் ஊதுகிறதோ அதற்கு அடுத்த ஸ்டேஜில் குறையைத் தேடுவது நல்ல பழக்கம். ஒவ்வொரு ஸ்டேஜும் ஏறக்குறைய 6 மடங்கு அழுத்துகிறது. அதனால் முதல் ஸ்டேஜுக்குப் பின் 6 பார், இரண்டாவதுக்குப் பின் 35 பார் என்ற அளவில் எதிர்பார்க்கலாம். சரியான எண்ணுக்கு மேனுவல். இரண்டாவது ஸ்டேஜில் புது வால்வு போட்டும் ஊதினால், அப்போது சேஃப்டி வால்வைச் சந்தேகியுங்கள்.

கே: ஸ்டார்ட் செய்ததும் 'டக் டக்' என்று தட்டும் சத்தம்.

கடைசி ஸ்டேஜ் பிஸ்டன் மிதக்கும் வகை. இரண்டாவது ஸ்டேஜிலிருந்து வரும் காற்றுதான் அதைத் திருப்பித் தள்ளுகிறது. அந்தப் பிரஷர் ஏறும்வரை கொஞ்சம் தட்டும். ஏறிய பிறகும் தட்டினால், இரண்டாவது ஸ்டேஜிலிருந்து வரும் பிரஷர் குறைவு. இரண்டாவது ஸ்டேஜ் வால்வையும் ரிங்கையும் பாருங்கள். பிஸ்டனை மாற்ற நேர்ந்தால், அது ஓடும் ஸ்லீவோடு (உள்குழாய்) ஜோடியாகவே மாற்றுங்கள்.

கே: கார்ட்ரிட்ஜை நானே நிரப்பலாமா? எது முதலில், எது கடைசியில்?

மறுமுறை நிரப்பும் வகை என்றால் நிரப்பலாம். காற்று நுழையும் பக்கத்திலிருந்து: ஃபெல்ட் (கம்பளி வட்டு), 13எக்ஸ் மாலிக்யுலர் சீவ் (ஈரத்தை உறிஞ்சும் மணிகள்), ஃபெல்ட், ஹாப்கலைட், ஆக்டிவேட்டட் கார்பன், கடைசி ஃபெல்ட், ஸ்பிரிங். உங்கள் கூண்டில் காற்று கீழிருந்து மேலா, மேலிருந்து கீழா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். திசை மாறினால் எல்லாம் வீண்.

வரிசைக்குக் காரணம் ஈரம். கார்பன் மோனாக்ஸைடை டை ஆக்ஸைடாக மாற்றும் ஹாப்கலைட், நனைந்தால் செத்துவிடும். நனைந்ததைக் காயவைத்து நம்ப வேண்டாம். எண்ணெய் ஆவியைப் பிடிக்கும் கார்பனும் ஈரத்தில் சோர்ந்துபோகும். ஆகவே மொத்தக் கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்கை சீவுக்கே கொடுங்கள்.

கொஞ்சம் கொட்டி, பக்கவாட்டில் தட்டி, மறுபடி கொட்டுங்கள். ஸ்பிரிங் நன்றாக அழுந்த வேண்டும். தளர்வாக இருந்தால் மணிகள் ஒன்றோடொன்று உரசித் தூளாகி வால்விலும் சிலிண்டரிலும் போய் உட்காரும். டப்பாவைக் கடைசி நிமிடத்தில்தான் திறக்க வேண்டும், கடற்கரைக் காற்றை சீவ் மடமடவென்று குடிக்கும். நான்கைந்து சீவ் மணிகளை ஈரக் கையில் வைத்துப் பாருங்கள். புதியது சுடும், சுடாததைக் குப்பையில் போடுங்கள்.

கே: ஒரு கார்ட்ரிட்ஜுக்கு எத்தனை சிலிண்டர்?

கணக்குப் போடுவோம். ஃபில்டருக்கு முன்னால் தண்ணீரைப் பிரிக்கும் செப்பரேட்டரைத் தாண்டும் காற்று 40 டிகிரி என்றால், 150 பாரில் ஒரு கனமீட்டர் சாதாரணக் காற்றுக்குச் சுமார் 0.34 கிராம் நீராவி ஃபில்டருக்குப் போகும். 12 லிட்டர், 200 பார் என்பது 2.4 கனமீட்டர், அதாவது 0.8 கிராம். சீவ் தன் எடையில் 20 சதவீதம் தாங்கும் என்று வையுங்கள்: 300 கிராமுக்கு 60 கிராம் நீர். நடைமுறையில் பாதியை நம்பலாம். ஆக 37 சிலிண்டர். அதே காற்று 50 டிகிரியில் வந்தால் நீராவி கனமீட்டருக்கு 0.55 கிராமாகி 23 சிலிண்டரில் முடிந்துவிடும். ஒரு டேபிள் ஃபேனை கம்ப்ரஸர் பக்கம் திருப்பி வைப்பது ஃபில்டர் செலவை இப்படித்தான் குறைக்கிறது. புது கார்ட்ரிட்ஜை எடைபோட்டு அதன்மேலேயே எழுதி வைத்தால், கழற்றும்போது உண்மை தெரிந்துவிடும்.

தேங்கும் தண்ணீரை வெளியேற்றும் டிரெய்னை 15 நிமிடத்துக்கு ஒருமுறை திறங்கள், மழைக்காலத்தில் 10. 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதத்தில் இந்த மெஷின் மணிக்குச் சுமார் 145 மில்லி தண்ணீரை உள்ளே இழுக்கிறது.

கே: பழைய உரிமையாளர் பேக் பிரஷர் வால்வைக் கழற்றிவிட்டார், காற்று உடனே வருகிறது என்றார். அப்படியே விடலாமா?

விடக்கூடாது. அந்த வால்வுதான் கூண்டுக்குள் 150 பாரைப் பிடித்து வைக்கிறது. அது இல்லாமல் காலி சிலிண்டரை நிரப்பத் தொடங்கினால் கூண்டில் 20 பார்தான் இருக்கும். மேலே போட்ட கணக்கில் 0.34 கிராம், 2.5 கிராமாகிவிடும். காற்றும் வேகமாக ஓடுவதால் கார்பனுக்கு எண்ணெயைப் பிடிக்க நேரம் போதாது. திரும்பப் பொருத்தி, கேஜ் 150-ஐ நெருங்கிய பிறகே காற்று வெளியே வருகிறதா என்று பாருங்கள்.

கே: கார் எஞ்சின் ஆயில் ஊற்றலாமா?

கூடாது. சுவாசக் காற்று கம்ப்ரஸருக்குத் தயாரிப்பாளர் சொன்ன ஆயில் மட்டும். பாவர் கணக்கில் சிந்தெடிக் 2000 மணி நேரம் அல்லது 2 ஆண்டு, மினரல் 1000 மணி அல்லது 1 ஆண்டு. இரண்டையும் கலக்காதீர்கள். முன்பு என்ன ஊற்றினார்கள் என்று தெரியாத மெஷினில், சூடாக இருக்கும்போது வடித்துப் புதிதாக ஊற்றி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு மறுபடியும் வடியுங்கள்.

கே: பெட்ரோல் எஞ்சின் மாடல். ஹாப்கலைட் போட்டால் புகை பயமில்லைதானே சார்?

பயப்படுங்கள். உறிஞ்சு குழாயை நீட்டி, காற்று வரும் திசையில், எஞ்சின் புகை போகாத உயரத்தில் கட்டுங்கள். காற்றுத் திசை மாறினால் நிறுத்திவிட்டு இடம் மாற்றுங்கள். புகையின் கார்பன் மோனாக்ஸைடு நீர்மட்டத்துக்கு மேலே 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) இருந்தால் 30 மீட்டர் ஆழத்தில் உடம்புக்கு அது 40 பிபிஎம் போல. சுவாசக் காற்றுக்கான ஐரோப்பியத் தரநிலை இஎன் 12021 (2014) கார்பன் மோனாக்ஸைடுக்கு 5 பிபிஎம், டை ஆக்ஸைடுக்கு 500 பிபிஎம், எண்ணெய்க்குக் கனமீட்டருக்கு 0.5 மில்லிகிராம் என வரம்பு வைக்கிறது. சீரமைப்பு முடிந்ததும் காற்றிலுள்ள வாயுக்களை அளக்கும் டெஸ்ட் ட்யூபால் அளந்துவிட்டுத்தான் முதல் சிலிண்டரை யாருக்கும் கொடுக்க வேண்டும்.

கே: மின் மோட்டார் மாடலில் எதைப் பார்க்க வேண்டும்?

மூன்று ஃபேஸ் என்றால், சுழற்சி அம்புக்குறிப்படி இருக்கிறதா என்று பாருங்கள். தலைகீழாகச் சுற்றினாலும் பிரஷர் ஏறும், ஆனால் ஃபேன் சரியாகக் குளிர்விக்காது. ஏதாவது இரண்டு ஃபேஸ் ஒயரை இடம் மாற்றினால் சரியாகிவிடும்.