ஓலைப்பெட்டியும் பத்து ரூபாயும்

கேள்வி: தக்கலையில் கருப்பட்டி விற்கிறேன். ஓலைப்பெட்டியில் வைத்து, 'இயற்கைக்கு உகந்தது' என்று ஸ்டிக்கரும் ஒட்டினேன். பார்ப்பவர்கள் எல்லாரும் பாராட்டுகிறார்கள், ஆனால் பத்து ரூபாய் குறைவு என்று பிளாஸ்டிக் டப்பாவைத்தான் வாங்குகிறார்கள். மக்களுக்கு அக்கறையே இல்லையா?
– ஒரு வாசகி

பதில்: அக்கறை இருக்கிறது, நம்பிக்கைதான் தேய்ந்துவிட்டது. சோப்பிலிருந்து பெயின்ட் வரைக்கும் ஒரு பச்சை இலையை அச்சடித்து 'இயற்கை' என்று விற்றால், உண்மையாகச் செய்கிற உங்கள் ஸ்டிக்கரையும் சேர்த்துத்தானே சந்தேகப்படுவார்கள்? ஆதாரம் இல்லாமல் இப்படி விளம்பரம் செய்யக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024-லேயே வழிகாட்டு நெறிமுறை கொண்டுவந்துவிட்டது. ஏமாந்தவர்கள் 1915-க்கு போன் செய்து புகார் சொல்லலாம்.

அதனால் அந்த ஸ்டிக்கரை எடுத்துவிடுங்கள். எந்த ஊர் ஓலை, யார் முடைந்தது, கருப்பட்டி எங்கே காய்ச்சியது என்று கையால் எழுதி ஒரு சீட்டு வையுங்கள். போன வாரம் வடசேரி சந்தையில் ஒரு அம்மா ஓலைப்பெட்டியைக் கையில் எடுத்து, மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "இதுல அப்புறமா பூண்டு போட்டு வைக்கலாமா?" என்றுதான் முதலில் கேட்டார், விலையை அப்புறம்தான் கேட்டார். மஞ்சப்பையும் அப்படித்தான், திரும்பத் திரும்ப உதவுகிறது என்பதால்தான் வீட்டில் தங்குகிறது.

பத்து ரூபாய் எல்லாருக்கும் சின்னத் தொகை இல்லை, அவர்கள்மேல் கோபப்படாதீர்கள். பாத்திரம் கொண்டுவருபவர்களுக்கு எடை போட்டுக் கொடுங்கள், பெட்டி வேண்டுமென்றால் தனி விலை. பழைய பெட்டியோடு வந்தால் கருப்பட்டிக்கு மட்டும் காசு வாங்குங்கள்.