வெற்றுத்தாளில் வாங்கிய கையெழுத்து இரவு ஷிஃப்டுக்குச் சம்மதமாகுமா?

கேள்வி: கோவைப் புறநகரில் உள்ள வார்ப்பாலையின் கோர் ஷாப்பில் (மணலால் உள்ளச்சு செய்யும் பிரிவில்), ஒப்பந்ததாரர் மூலம் ஒன்றரை ஆண்டாக வேலை செய்கிறேன். இரவு ஷிஃப்டுக்கு வராவிட்டால் கூட்டிப் பெருக்கும் வேலைக்கு மாற்றிவிடுவோம் என்கிறார்கள். போன வாரம் வெற்றுத்தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். நான் மறுக்கலாமா? ஐந்து மாதக் கர்ப்பிணியான ஓர் அக்காவையும் அழைக்கிறார்கள்.

பதில்: மறுக்கலாம். பெண்களை இரவில் தொழிற்சாலையில் அமர்த்தக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் விதித்திருந்த தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே செல்லாது என்று அறிவித்துவிட்டது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பின் 43-ஆம் பிரிவு, எல்லா வகை வேலைக்கும் பெண்களை அமர்த்தலாம் என்கிறது. ஆனால் மாலை 7 மணிக்குப் பின்னும் காலை 6 மணிக்கு முன்னும் வேலை என்றால், அந்தப் பெண்ணின் சம்மதம் கட்டாயம்.

என் கவலையெல்லாம் அந்தத் தாளைப் பற்றியதுதான். நீங்கள் அனுப்பிய படத்தில், அடியில் உங்கள் கையெழுத்து, அதன் ஓரத்தில் இடம் காட்டப் பென்சிலால் போட்ட ஒரு பெருக்கல் குறி, மேலே முழுவதும் வெறுமை. அந்த வெறுமையில் இன்று இரவுப் பணிக்கான சம்மதத்தை எழுதுவார்கள். நாளை உங்கள் ராஜினாமாவையே எழுதுவார்கள். ஆகவே இன்றே, எந்தத் தேதியில் யார் கேட்டுக் கையெழுத்திட்டீர்கள் என்பதையும், இரவுப் பணிக்கோ விலகலுக்கோ நீங்கள் சம்மதிக்கவில்லை என்பதையும் எழுதி, ஆலை நிர்வாகம், ஒப்பந்ததாரர் இருவருக்கும் விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பணி நியமனக் கடிதம் கையில் இல்லையென்றால் அதே கடிதத்தில் அதையும் கேளுங்கள். ஒப்பந்ததாரர் பெயர்ப்பலகையை மாற்றி உங்களைப் புதிய ஆளாகக் காட்டுவது வழக்கமான தந்திரம் என்பதால், பி.எஃப். கணக்கில் யார் பெயரில் பணம் கட்டப்படுகிறது என்று மாதந்தோறும் பாருங்கள்.

விருப்பப்பட்டு இரவுப் பணிக்குச் செல்வதானால், வீட்டிலிருந்து வண்டி வசதியையும், பகல் ஷிஃப்டிலிருந்து மாறும்போது இடையே 12 மணி நேர ஓய்வையும் கேளுங்கள். இரண்டும் அந்த 2000-ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே உள்ளவை. புகார் மனு மேசை மேசையாக நகர்ந்து முடிவதற்குள் ஒப்பந்தமே முடிந்து தொழிலாளி வெளியே நிற்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்துச் சலித்துப்போனதால்தான், முதல் நாளிலேயே எழுத்தில் பதியுங்கள் என்று வற்புறுத்துகிறேன்.

அந்த அக்காவின் நிலை வேறு. இரவு வேலைக்கு அவரும் மறுக்கலாம். ஆனால் பகலில் நெடுநேரம் நிற்கும் வேலையிலிருந்தும் கடும் வேலையிலிருந்தும் விலக்குக் கேட்கும் உரிமை இன்னும் தொடங்கவில்லை. பிரசவ தேதிக்கு முந்தைய ஆறு வாரங்களைக் கழித்துவிட்டு, அதற்கும் முந்தைய ஒரு மாதத்தை எண்ணுங்கள். ஏறத்தாழ முப்பதாவது வாரத்தில் அது தொடங்கும். அந்த ஆறு வாரங்களிலும் விடுப்பு எடுக்காமல் வேலைக்கு வந்தால் அப்போதும் கேட்கலாம். கவனியுங்கள், விலக்கு தானாகக் கிடைக்காது. அவர் கேட்டால்தான் நிர்வாகம் கொடுக்கக் கடமைப்பட்டது. வாயால் கேட்டதைக் கேட்கவே இல்லை என்று மறுத்த நிர்வாகங்களை நான் அறிவேன். எனவே, பிரசவ தேதி குறித்த மருத்துவர் சான்றை இப்போதே வாங்கி வைத்துக்கொண்டு, அந்த வாரம் வந்ததும் எழுத்தில் கேட்டு, நகலில் வாங்கியவரின் கையெழுத்தையும் தேதியையும் பெறச் சொல்லுங்கள்.