ஃப்ளோரிடா கான்ட்ராக்டர் லைசென்ஸ்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (டாம்பா வாசகர்): பில்டிங் கான்ட்ராக்டர் தேர்வை புத்தகம் பார்த்தே எழுதலாமாமே? அப்படியானால் எதற்காக மாதக்கணக்கில் படிக்கச் சொல்கிறார்கள்?

பதில்: பார்த்து எழுதலாம், உண்மைதான். ஆனால் எங்கே பார்ப்பது என்று தெரியாதவர்கள் நேரத்திடம் தோற்றுப்போகிறார்கள். தேர்வு மூன்று தாள். தொழில்-நிதித் தாளில் 120 கேள்விகள், ஆறரை மணி நேரம். ஒப்பந்த நிர்வாகம், திட்ட மேலாண்மை இரண்டிலும் தலா 60 கேள்விகள், நாலே முக்கால் மணி நேரம். ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் வாங்க வேண்டும். முதல் தாளில் ஒரு கேள்விக்கு மூன்றேகால் நிமிடம்தான் கிடைக்கும். அதற்குள் தேடவும் வேண்டும், கணக்கும் போட வேண்டும்.

புத்தகம் வாங்கும்போது தேர்வுப் பட்டியலில் உள்ள பதிப்பையே வாங்குங்கள். புதிய பதிப்பு நல்லதுதானே என்று வாங்கினால் எண்கள் மாறியிருக்கும், விடை தவறும். வரிகளுக்கு அடிக்கோடிடலாம், வண்ணம் தீட்டலாம், பக்க ஓரத்தில் நிரந்தரமாக ஒட்டிய டேப் (பக்கத்தைக் காட்டும் அடையாளத் துண்டு) வைக்கலாம். கழற்றி ஒட்டும் சீட்டுக்கும் கையால் எழுதிய குறிப்புக்கும் அனுமதி இல்லை. பக்கத்துக்குப் பக்கம் டேப் ஒட்டினால் ஒட்டாததற்குச் சமம். அடிக்கடி தேடும் அட்டவணைகளுக்கு மட்டும் போதும்.

சில எண்கள் மனப்பாடமாகவே இருக்கட்டும். ஓஷா (அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு) விதிகளில் 4, 5, 6 அடி மூன்றும் ஆளைக் குழப்பும். பள்ளம் 4 அடி ஆழமானால், உள்ளே இருப்பவர் 25 அடிக்குள் ஏணியை அடைய முடிய வேண்டும். 5 அடியானால் மண் சரியாமல் பாதுகாப்பு வேண்டும் (முழுக்கப் பாறையாக இருந்தால் விதிவிலக்கு). 6 அடி உயரத்தில் வேலை என்றால் விழாமல் தடுக்கும் ஏற்பாடு வேண்டும்.

இதிலிருந்து வரும் கணக்கு ஒன்று: சி வகை மண் (எளிதில் சரியும் மண்), சரிவு ஒன்றரைக்கு ஒன்று, அதாவது ஓர் அடி ஆழத்துக்கு ஒன்றரை அடி விரிவு. அடியில் 4 அடி அகலம், ஆழம் 10 அடி. மேலே அகலம் எவ்வளவு? ஒரு பக்கம் 15 அடி விரியும்; இரண்டு பக்கமும் சேர்த்து 4+15+15 = 34. அவசரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் கூட்டி 19 என்பார்கள். அந்த 19-ம் விடைகளில் ஒன்றாகக் காத்திருக்கும்.

கேள்வி (ஆர்லாண்டோ வாசகர்): லாபக் கணக்கில் எப்போதும் தவறுகிறேன். செலவு 80,000 டாலர், லாபம் 20 சதவீதம். விலை 96,000 தானே?

பதில்: கேள்வியை இன்னொரு முறை படியுங்கள். செலவின் மேல் 20 சதவீதம் என்றால் 96,000 சரி. விற்கும் விலையில் 20 சதவீதம் என்றால் 80,000 ÷ 0.80 = 1,00,000. முதல் முறையில் கையில் நிற்கும் லாபம் விலையில் 16.67 சதவீதம்தான். இந்தக் குழப்பம் தேர்வு முடிந்த பிறகும் டெண்டரில் துரத்தும்.

கான்கிரீட்டிலும் இதே அவசரம்தான். 40 அடிக்கு 30 அடி தளம், 4 அங்குலக் கனம். அங்குலத்தை அடியாக்கினால் 400 கன அடி. 27-ஆல் வகுத்தால் 14.8 கன கெஜம். சேதாரம் 5 சதவீதம் சேர்த்தால் ஏறக்குறைய 15.6.

கேள்வி (ஜாக்சன்வில் வாசகர்): ஊரில் சிவில் படித்தேன். பட்டம் இருந்தால் அனுபவம் வேண்டாமா?

பதில்: வேண்டும். பொது விதி நான்கு ஆண்டு அனுபவம். கட்டுமானம் சார்ந்த நான்காண்டுப் பட்டம் அதில் மூன்று ஆண்டுக்கு ஈடாகும். மீதி ஓராண்டு அனுபவத்தை நிரூபிக்க வேண்டும். வெளிநாட்டுப் பட்டத்தின் மதிப்பீட்டை முன்பே தொடங்கிவிடுங்கள்.

ஃப்ளோரிடாவில் முதலில் தேர்வு, பிறகுதான் லைசென்ஸ் விண்ணப்பம். அதில் பலர் சறுக்குவது கடன் மதிப்பெண்ணில். 660-க்குக் கீழே இருந்தால் பாண்டு (உத்தரவாதப் பத்திரம்) கேட்பார்கள். 14 மணி நேர நிதிப் பொறுப்பு வகுப்பை முடித்தால் அந்தத் தொகை பாதியாகும்.

கேள்வி (அதே வாசகர்): சர்ட்டிஃபைடு, ரிஜிஸ்டர்டு என்ன வித்தியாசம்?

பதில்: சர்ட்டிஃபைடு என்றால் மாநிலம் முழுக்க வேலை எடுக்கலாம். ரிஜிஸ்டர்டு என்றால் தகுதி கொடுத்த உள்ளூர் எல்லைக்குள் மட்டும்.